ராமேசுவரம் போகிறவர்களே, ராம்நாட்டில் ஒரு அரை நாள் இறங்குங்கள்

நான் கீழக்கரைக்காரன். பத்தொன்பது வருசமாக வேன் ஓட்டுகிறேன். மதுரையில் ஆள் ஏற்றி ராமேசுவரத்தில் இறக்குவது, மறுநாள் தீர்த்தம், தனுஷ்கோடி, திரும்ப மதுரை. சீசனில் வாரத்துக்கு நாலு நடைகூடப் போகும். இத்தனை வருசத்தில் பயணிகளோடு ராம்நாடு என்கிற ராமநாதபுரத்தில் நான் நின்றது டீக்கும் டீசலுக்கும் மட்டும்தான். பாதி நாள் அதுவும் கிடையாது. பைபாஸில் விட்டால் ஊர் வந்ததே தெரியாமல் தாண்டிவிடலாம்.

அந்த ஊர் ஒரு தலைநகரம். சேதுச் சீமை முழுவதையும் ஆண்ட சேதுபதிகளின் தலைநகரம். அங்கே அவர்களின் அரண்மனை சுவர் நிறைய ஓவியத்தோடு இன்னும் நிற்கிறது. இதை நான் தெரிந்துகொண்டது போன தை மாசம். தெரிந்ததில் இருந்து ஏறுகிற ஒவ்வொரு பயணியிடமும் சொல்லிக்கொண்டு வருகிறேன். இப்போது எழுதியும் வைக்கிறேன்.

ஈரோட்டுக்காரர்கள் பதினோரு பேர் வந்திருந்தார்கள். பரமக்குடி தாண்டி முன் டயர் பஞ்சர். ஸ்டெப்னியை மாட்டிவிட்டேன். ஆனால் கையில் ஸ்டெப்னி இல்லாமல் பாம்பன் பாலம் ஏறுவது என் வழக்கம் இல்லை. ரெண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளம், நடுவில் நின்றால் ஒதுங்க இடமே கிடையாது. அதனால் ராமநாதபுரத்துக்குள் விட்டு, அரண்மனை வாசலுக்குப் பக்கத்தில் ஒரு பஞ்சர் கடையில் டயரை இறக்கினேன். அந்தக் கூட்டத்தில் ஒரு அம்மா, டிராயிங் டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனவர். வண்டியை விட்டு இறங்கி என்னிடம் வந்தார்.

"தம்பி, இதுக்கு எவ்வளவு நேரமாகுமுங்க?"

"ஒரு மணி நேரம் வெச்சுக்கங்க டீச்சர்."

"அப்ப அரண்மனையப் பாத்துட்டு வந்துரலாமுங்களா? ராமலிங்க விலாசம்னு ஒண்ணு இங்கதானே இருக்குது? அதுல இருக்கற ஓவியத்தப் பத்திப் படிச்சிருக்கேன். பாக்கத்தான் குடுத்து வெக்கல."

எனக்கு மனசுக்குள் என்னவோ போல ஆகிவிட்டது. அரண்மனை என்பது எனக்கு ஒரு பஸ் ஸ்டாப் பேர். உள்ளே என்ன இருக்கிறது என்று ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை. வண்டியைக் கடைக்காரரிடம் சொல்லிவிட்டு நானும் அவர்களோடு நடந்தேன்.

பெரிய வாசலைத் தாண்டி உள்ளே போனால் உயரமான மேடை மேல் ஒரு நீளக் கட்டடம். வெளியே இருந்து பார்த்தால் ஒன்றும் பிரமாதமாகத் தெரியாது. படி ஏறி உள்ளே கால் வைத்ததும் வெயில் அப்படியே நின்றுவிடுகிறது. தூண் தூணாக ஒரு மண்டபம். அதற்குப் பின்னால் இன்னொரு மண்டபம். அதற்கும் உள்ளே ஒரு அறை. கோயிலில் மகாமண்டபம், அர்த்தமண்டபம், கருவறை என்று வருமே, அதே வரிசை. உள்ளே சாமி இருக்க வேண்டிய இடத்தில் ராமர் பீடம். சேதுபதிகளுக்குப் பட்டம் கட்டியது அங்கேதான். கட்டியவர் கிழவன் சேதுபதி, 17-ஆம் நூற்றாண்டின் கடைசியில். அதுவரை இவர்களின் தலைநகரம் போகலூர். பரமக்குடியில் இருந்து வரும்போது வழியில் அந்தப் பேர்ப் பலகையை எத்தனையோ தடவை தாண்டியிருக்கிறேன். அங்கிருந்து தலைநகரத்தை ராமநாதபுரத்துக்கு மாற்றிக் கோட்டை கட்டியவரும் இவர்தான்.

சுவரில் இருந்து கூரை வரைக்கும் படம். 1710-க்குப் பிறகு பட்டத்துக்கு வந்த முத்து விஜய ரகுநாத சேதுபதி காலத்தில் எழுதியவை. எங்கே பார்த்தாலும் ஒரு செங்காவி நிறம். அதன் மேல் மஞ்சள், நீலம், கறுப்புக் கோடு. படத்துக்குக் கீழே தமிழிலும் தெலுங்கிலும் எழுத்து. நான் ஒரு பார்வை பார்த்துவிட்டு அடுத்த சுவருக்கு நகரப் போனேன். டீச்சர் சட்டை நுனியைப் பிடிக்காத குறையாக நிறுத்திவிட்டார்.

"அவசரப்படாதீங்க தம்பி. இந்த ஒரு ஆளை மட்டும் பாருங்க."

சண்டைக் காட்சி அது. தஞ்சாவூர் மராட்டியர்களோடு நடந்த சண்டை. படை படையாக ஆள், குதிரை, துப்பாக்கி. அந்தக் கூட்டத்தில் கட்டைவிரல் அளவு ஒரு சிப்பாய். டீச்சர் விரலைச் சுவரில் படாமல் ஒரு சாண் தள்ளியே வைத்துக்கொண்டு காட்டினார். நெற்றியில் தொடங்கி மூக்கு, உதடு, தாடை வரை ஒரே கோடு. எங்கேயும் கை எடுக்கவில்லை. திருத்தின அடையாளம் இல்லை. கண் மட்டும் தனியாக வைத்திருக்கிறான், மீன் மாதிரி நீளமாக. "சுண்ணாம்புப் பூச்சு மேல எழுதறது லேசில்லீங்க. நாப்பது வருசம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுத்தேன், எனக்கு இப்படி ஒரு கோடு வராது" என்றார். அப்புறம் பக்கத்துச் சிப்பாயைப் பார்த்தேன். அவனுக்கு மீசை வேறு மாதிரி. அதற்கு அடுத்தவனுக்குத் தலைப்பாகைக் கட்டு வேறு. இத்தனை பேரில் ஒருவனைக்கூட இன்னொருவனைப் பார்த்து அப்படியே வரையவில்லை. சாகப் போகிற சிப்பாய்க்குக்கூடத் தனி முகம் கொடுத்திருக்கிறான் என்று நினைத்தபோது எனக்குத் தொண்டையை அடைத்தது. ஒரு மூலையில் சுதை உதிர்ந்து குதிரையின் கால்கள் மட்டும் நிற்கின்றன. அதையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

இன்னொரு சுவரில் வெள்ளைக்காரர்கள். தொப்பியும் நீளக் கோட்டுமாக வந்து நிற்கிறார்கள், சேதுபதி உட்கார்ந்திருக்கிறார். அவர் உருவம் பெரிதாக இருக்கிறது, வந்தவர்கள் உருவம் சின்னதாக இருக்கிறது. யார் வீட்டுக்கு யார் வந்திருக்கிறார்கள் என்பதை அளவிலேயே சொல்லிவிட்டான். ராஜராஜேசுவரி அம்மன் சேதுபதிக்குச் செங்கோல் கொடுக்கிற படம் இருக்கிறது. அந்த அம்மன் கோயில் அரண்மனைக்குள்ளேயே இருக்கிறது. மைசூர்ப் படை மதுரை மேல் வந்தபோது காப்பாற்றிக் கொடுத்ததற்காகத் திருமலை நாயக்கர் கொடுத்த தங்க அம்மன். நவராத்திரியை ராஜ மரியாதையோடு நடத்துகிற உரிமையும் சேர்த்துக் கொடுத்தார் என்பது வரலாறு. அதனால்தான் ராம்நாடு நவராத்திரி என்றால் இன்னும் தனிக் கூட்டம். புரட்டாசி, ஐப்பசியில் வருகிறவர்கள் அதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். மேல்மாடியில் அந்தப்புரம், பாட்டு, ஆட்டம், வேட்டை என்று ராஜாவின் சொந்த வாழ்க்கை. கீழே ஆயுதங்களும் வைத்திருக்கிறார்கள். வாள், ஈட்டி எல்லாம் பையன்களுக்குப் பிடிக்கும்.

என்னை உண்மையிலேயே பிடித்து நிறுத்தியது டீச்சர் சொன்ன ஒரு சேதி. சேதுபதி என்றால் சேதுவுக்குக் காவல். 1605-இல் மதுரை முத்துக்கிருஷ்ணப்ப நாயக்கர் சடைக்கத் தேவரை இந்தச் சீமைக்குப் பொறுப்பாக்கியதே, ராமேசுவரம் போகிற யாத்திரைக்காரர்களுக்கு வழியில் திருட்டுப் பயம் இருந்ததால்தான். அவர்களைப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்த்துத் திரும்ப விடுவது, இந்த ராஜாக்களுக்கு முதல் வேலை. வழி நெடுகச் சத்திரம் கட்டியது அதற்காக. ராமேசுவரத்தில் தீர்த்தம் ஆடியவர்கள் திரும்பும்போது சேதுபதியையும் ஒரு தடவை பார்த்துவிட்டுப் போனால்தான் யாத்திரை நிறைவு என்று அந்தக் காலத்தில் நம்பினார்களாம்.

பத்தொன்பது வருசமாக நான் செய்கிற வேலை அதுதானே. தூங்குகிற குழந்தையும், முட்டி வலிக்கிற பெரியவரும், முதல் தடவை கடலைப் பார்க்கப் போகிற பாட்டியும் பின்னால் உட்கார்ந்திருக்க, அவர்களை அலுங்காமல் கொண்டுபோய்ச் சேர்த்துத் திரும்பக் கூட்டி வருவது. அதே வேலையை அதே பாதையில் செய்தவர்களின் வீட்டு வாசலில்தான் நான் இத்தனை வருசமும் ஹாரன் அடித்துக்கொண்டு போயிருக்கிறேன்.

எங்கள் ஊருக்கும் இந்த அரண்மனைக்கும் உள்ள உறவை என் வாப்பா சின்ன வயதில் சொல்லியிருக்கிறார். நான்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 'செத்தும் கொடை கொடுத்தான் சீதக்காதி' என்று ஊரெல்லாம் சொல்வார்களே, அந்த வள்ளல் சீதக்காதி கீழக்கரை மரைக்காயர். கப்பல் வியாபாரி. கிழவன் சேதுபதிக்கு நெருங்கிய நண்பர். இந்த அரண்மனையும் கோட்டையும் எழும்பியதில் அவர் கை உண்டு என்று எங்கள் ஊர்ப் பெரியவர்கள் சொல்வார்கள். அன்று ராத்திரி வீட்டுக்குப் போன் போட்டு, "வாப்பா, நீங்க சொன்ன அரமனைக்குள்ள இன்னிக்குத்தான் போனேன்" என்றேன். "இப்பவாச்சும் போனியே வாப்பா" என்றார். எங்கள் பக்கம் பிள்ளைகளையும் வாப்பா என்றுதான் கூப்பிடுவோம்.

கட்டபொம்மன் கதை தெரியாத தமிழர் இல்லை. கலெக்டர் ஜாக்சனைப் பார்க்க ஊர் ஊராக அலைந்து கடைசியில் சந்தித்த இடம் இதே ராமலிங்க விலாசம். 1798 செப்டம்பர். பேச்சு கைகலப்பில் முடிந்து லெப்டினன்ட் கிளார்க் செத்துப்போனார். கட்டபொம்மன் தப்பித்துப் போனார், அவரோடு வந்த தானாபதி சுப்பிரமணிய பிள்ளை பிடிபட்டார். அடுத்த வருசம் கட்டபொம்மனுக்குக் கயத்தாறில் தூக்கு. அந்தச் சந்திப்பு நடந்த கட்டடத்துக்குள் நிற்கிறோம் என்று சொன்னதும், அதுவரை செல்போனில் கிடந்த ஈரோட்டுப் பையன் ஒருவன் தூணைத் தொட்டுப் பார்த்தான்.

ராமேசுவரம் கோயில் மூன்றாம் பிரகாரத்தைப் பார்த்து வாய் பிளக்காத பயணி கிடையாது. எல்லாரும் அங்கே நின்றுதான் போட்டோ எடுப்பார்கள். அது சேதுபதிகள் கட்டியது. கட்டி முடிந்தது முத்துராமலிங்க சேதுபதி காலத்தில். 1772-இல் கும்பெனிப் படை ராமநாதபுரம் கோட்டையைப் பிடித்தபோது அவர் சிறுபிள்ளை. தாயோடு திருச்சிக் கோட்டையில் சிறை வைத்தார்கள். 1781-இல் திரும்பப் பட்டத்துக்கு வந்தார். 1795-இல் மறுபடியும் இறக்கிச் சிறையில் போட்டார்கள். 1809-இல் சென்னையில் சிறையிலேயே இறந்துபோனார். இதைத் தெரிந்துகொண்டு அந்தப் பிரகாரத்தில் நடந்து பாருங்கள். அடுத்த நடையில் எனக்குக் கால் தானாக மெதுவாகிவிட்டது.

அதற்கப்புறம் 1803-இல் இருந்து வெறும் ஜமீன். அப்படியும் இந்த ஊர் கைநீட்டிக் கொடுப்பதை நிறுத்தவில்லை. பாஸ்கர சேதுபதி இல்லாமல் விவேகானந்தரின் 1893 சிகாகோ பயணக் கதையைச் சொல்ல முடியாது. 1897 ஜனவரி 26-இல் அவர் யாழ்ப்பாணத்தில் இருந்து பாம்பனில் வந்து இறங்கியபோது வரவேற்றவரும் இவர். சங்கீதத்தில் பூச்சி சீனிவாச ஐயங்கார் இந்தச் சமஸ்தான வித்வான், பாடகர் அரியக்குடி ராமானுஜ ஐயங்காருக்குக் குரு. தமிழில் இரா. இராகவையங்கார் இந்தச் சமஸ்தானப் புலவர். மதுரையில் 1901-இல் நான்காம் தமிழ்ச் சங்கம் தொடங்கிய பாண்டித்துரைத் தேவரும் இந்தக் குடும்பத்து ஆள். இப்படிப்பட்ட ஊருக்கு என்ன ஆனது தெரியுமா? 1910-இல் ராமநாதபுரம் மாவட்டம் என்று பேர் வைத்தார்கள், கலெக்டர் ஆபீசை மதுரையில் வைத்தார்கள். 1985-இல் சிவகங்கை, விருதுநகர் எல்லாம் தனித்தனியாகப் பிரிந்த பிறகுதான் ஊர் பேருக்கு ஏற்ற மாவட்டத் தலைநகரம் ஆனது. எழுபத்தைந்து வருசம். மனுவைத் தூக்கிக்கொண்டு மதுரைக்குப் போன கதையை என் வாப்பா வயதுக்காரர்கள் எல்லாரும் சொல்வார்கள்.

வேன் தொழிலில் இருக்கிறவனாக ஒன்று சொல்ல வேண்டும். அன்று நாங்கள் அரண்மனையில் நின்றது ரெண்டேகால் மணி நேரம். அந்த டிரிப்பை எனக்குக் கொடுத்த டிராவல்ஸ்காரர், பேர் வேண்டாம், 'புரோகிராமில் இல்லாத இடத்துக்கு யாரைக் கேட்டு விட்டாய்' என்று அன்றைய பேட்டாவைப் பிடித்துக்கொண்டார். பயணிகளே கேட்டு இறங்கினார்கள் என்று சொல்லியும் கேட்கவில்லை. பணம் பெரிதில்லை. ராமநாதபுரம் ஒரு இடமே இல்லை என்று அவர் சொன்னதுதான் வலித்தது. நான் அதோடு அவருக்கு ஓட்டுவதை விட்டுவிட்டேன். இப்போது நேரடியாகப் பேசுகிறவர்களுக்குத்தான் வண்டி. ஆகவே வண்டி பேசும்போதே 'ராம்நாட்டில் அரை நாள்' என்று சொல்லிவிடுங்கள்.

இன்னொரு வருத்தமும் உண்டு. ஒரு ஓவியத்தின் ஓரத்தில் யாரோ ஒருத்தன் தன் பேரையும் ஒரு பெண் பேரையும் சாவியால் கீறி வைத்திருக்கிறான். முந்நூறு வருசம் உப்புக் காற்றையும் ஈரத்தையும் தாங்கின சுவர். அதில் கீற ஒரு நிமிசம்கூட ஆகியிருக்காது. டீச்சர் அந்த இடத்தைக் கடந்தபோது கண்ணை மூடிக்கொண்டார். பிள்ளைகளைக் கூட்டி வருகிறவர்கள் தயவு செய்து பக்கத்திலேயே இருங்கள். கையைச் சுவரில் வைக்க விடாதீர்கள், வியர்வை பட்டாலும் நிறம் போகும்.

எப்போது வரலாம் என்றால், தை, மாசி. கார்த்திகையில் மழை பிடித்துக்கொள்ளும். சித்திரைக்கு மேல் வெயில் தாங்காது, ஆனால் அப்போதுதான் நுங்கும் பதநீரும். ராமேசுவரம் போகும்போது இறங்குவதைவிடத் திரும்பும்போது இறங்கச் சொல்வேன். பழைய வழக்கமும் அதுதான். விடிகாலைத் தீர்த்தமும் தரிசனமும் முடித்துப் புறப்பட்டால் ஐம்பத்தைந்து கிலோமீட்டர், மத்தியானத்துக்குள் வந்துவிடலாம். திறந்திருக்கிற நாளையும் நேரத்தையும் முதல் நாளே விசாரித்துக்கொள்ளுங்கள். அரண்மனை வளாகத்தில் ஒரு பகுதியில் ராஜ குடும்பத்தார் இருக்கிறார்கள், அந்தப் பக்கம் போகக்கூடாது. டார்ச் லைட் அடித்துப் படம் பார்க்காதீர்கள். உள்ளே போய் ஐந்து நிமிசம் சும்மா நின்றால் கண் பழகி எல்லாம் தெரியும்.

சாப்பாட்டுக்கு, கடலோர ஊர் என்பதால் மீன்தான். விளமீன், பாறை, கணவாய் எது அன்றைக்கு வந்தது என்று கேட்டுச் சாப்பிடுங்கள். ஏப்ரல் 15-இல் இருந்து ஜூன் 14 வரை விசைப்படகுக்குத் தடைக்காலம், அந்த நாளில் நாட்டுப்படகு மீன் கொஞ்சமாக வரும், விலை கூடுதல். கடைவீதியில் முண்டு மிளகாய் கேளுங்கள். உருண்டையாக, தோல் தடித்து இருக்கும். 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. காரம் அடிவயிற்றைப் பிடிக்காது, குழம்புக்கு நல்ல நிறம் கொடுக்கும். டீச்சர் ரெண்டு கிலோ வாங்கிப் போனார். எங்கள் கீழக்கரை தொதலும் ராம்நாட்டுக் கடைகளில் கிடைக்கும். ஒட்டாமல், எண்ணெய் மினுங்க, தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் மணந்தால் நல்ல தொதல்.

நேரம் மிச்சம் இருந்தால் திருப்புல்லாணி பெருமாள் கோயில் பத்து கிலோமீட்டர். பறவை பார்க்கிறவர்களுக்கு ஊர் ஓரத்திலேயே சக்கரக்கோட்டைக் கண்மாய். ராம்சர் என்கிற உலக ஈரநிலப் பட்டியலில் 2025-இல் சேர்த்திருக்கிறார்கள். தண்ணீர் இருக்கிற மாசத்தில் காலையில் போனால் கரையில் நின்றே பார்க்கலாம். மார்கழித் திருவாதிரைக்கு வருகிறவர்கள் உத்தரகோசமங்கையை விட்டுவிடாதீர்கள். வருசம் முழுக்கச் சந்தனக் காப்பில் இருக்கிற மரகத நடராஜரை அன்றைக்குத்தான் சந்தனம் களைந்து பார்க்க முடியும். கூட்டம் பயங்கரமாக இருக்கும், வண்டியைத் தூரமாக விட்டு நடக்க வேண்டும்.

அஞ்சுக்கு அஞ்சு கொடுக்கிறேன். அன்றிலிருந்து இதுவரை பதினாலு குரூப்பை உள்ளே கூட்டிப் போயிருக்கிறேன். ரெண்டு குரூப் பத்து நிமிசத்தில் வெளியே வந்துவிட்டார்கள். மற்றவர்களை நான்தான் போய் நேரமாகிவிட்டது என்று கூப்பிட வேண்டியிருந்தது. மதுரையில் இருந்து வருகிறவர்கள் பைபாஸ் பிரியும் முன்னாலும், ராமேசுவரத்தில் இருந்து திரும்புகிறவர்கள் பட்டணம்காத்தான் வரும் முன்னாலும் டிரைவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். "அண்ணே, அரண்மனை வாசலுக்கு விடுங்க" என்றால் போதும்.